கைக்கு வந்த அஞ்சு

"முப்பத்தொண்ணு, பன்னெண்டு" என்று இரண்டு எண்களைச் சொல்லிவிட்டு, எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் சுந்தரராஜுலு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் பேச்சு முடிந்தது, எழுந்து போகலாம் என்று அர்த்தம். நான் போகவில்லை. எனக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். சிங்காநல்லூரில் எங்களுடையது விவசாயப் பம்ப்செட் செய்கிற கம்பெனி. அப்போது தொண்ணூற்றாறு ஜனவரி. மார்ச்சில் ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழுக்காக வெளியிலிருந்து ஆட்கள் வந்து எல்லாவற்றையும் துருவிப் பார்க்கப் போகிறார்கள். அதற்குள் டெஸ்டிங் செக்‌ஷனுக்கு, டெஸ்டர்களுக்குத் தலைவராக ஒரு சார்ஜ்மேன் போட்டாக வேண்டும். இருந்தவர் தீபாவளியோடு ஓய்வு பெற்றுவிட்டார். செக்‌ஷனில் இருந்தது இரண்டு டெஸ்டர்கள். மாசாணம் ஒன்பது வருடம், நஞ்சுண்டன் ஆறு வருடம். நான் அவர்களுக்கு மேலே சூப்பர்வைசர், பெயர் கனகம். மாசாணத்துக்குத்தான் தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மேனேஜரோ நஞ்சுண்டன் பெயரில் லெட்டர் டைப் அடிக்கச் சொல்லிவிட்டார்.

அவர் சொன்ன எண்கள் எங்கள் மறுசோதனை ரிஜிஸ்டரில் இருந்து வந்தவை. டெஸ்டர்கள் பம்பைத் தண்ணீர்த் தொட்டியில் மாட்டி ஓட்டுவார்கள். எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். சரியாக இருந்தால் சாக்பீஸால் தங்கள் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுத் தள்ளுவண்டியில் ஏற்றுவார்கள். மாலை நான்கு மணிக்கு நான் போய் அதில் ஐந்து பம்புகளைக் கைகாட்டுவேன். அவற்றைத் திரும்ப ஓட்டிப் பார்ப்போம். எந்த ஐந்து என்று விதி கிடையாது. பழைய போர்மேன் காலத்திலிருந்தே அதற்கு 'கைக்கு வந்த அஞ்சு' என்று பெயர். குறை தெரிந்தால் டெஸ்டர் பெயருக்கு நேராக ரிஜிஸ்டரில் ஏறும். போன வருடம் முழுக்க மாசாணத்தின் பெயரில் ஏறியது முப்பத்தொன்று, நஞ்சுண்டன் பெயரில் பன்னிரண்டு.

மாசாணத்தின் கையைப் பற்றி அவருக்குச் சொல்லிப் பார்த்தேன். ஓடுகிற பம்பின் மேல் உள்ளங்கையை வைத்து, பேரிங் சரியாக உட்காரவில்லை என்று மீட்டர் காட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார். அசெம்ப்ளிக்காரர்களே சந்தேகம் வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார் மேனேஜர்.

"ரெக்கார்டு பேசுதுங்களே அம்மணி" என்றார். "அதுவும் நீங்க கையெழுத்துப் போட்ட ரெக்கார்டுதானுங்க."

எனக்கு அவருடைய நியாயம் என்னவென்று தெரியும் என்று நினைத்தேன். நஞ்சுண்டனின் அப்பாவுக்குக் கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் வாழைத்தோட்டம். மாசாணத்தின் அப்பா கிணத்துக்கடவில் பிறத்தியார் தென்னந்தோப்பில் கூலிக்கு நின்றவர், அவருடைய அப்பாவும் அப்படித்தான். கம்பெனியில் இதை யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. பேசாமலேயே யாரை உட்காரச் சொல்லுவது, யாரை நிற்க வைத்துப் பேசுவது என்பது மட்டும் ஒழுங்காக நடக்கும். எல்லாருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம், அதில் ஒரு குறையும் வைக்க மாட்டோம்.

இந்தச் சமாச்சாரம் எனக்குத் தெரியாததும் இல்லை. டிப்ளமோ முடித்து இங்கே சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. ஷாப் ஃப்ளோரில் முதல் பெண் நான்தான். இன்றைக்கும் என் ரிப்போர்ட் ஒன்றுகூட முதல் தடவையில் கையெழுத்தாகி வந்தது கிடையாது. பெயிண்ட் ஷாப் ரிப்போர்ட், அசெம்ப்ளி ரிப்போர்ட் எல்லாம் டீ டம்ளர் வைத்த வட்டக் கறையோடு போய்க் கையெழுத்தாகித் திரும்பும். என்னுடையது மட்டும், இன்னொருக்கா பாத்துருங்க என்ற குறிப்போடு திரும்பும். நானும் பார்ப்பேன். தப்பு இருக்காது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் கையெழுத்துப் போடுவார். மேனேஜரும் தெலுங்கு பேசுகிற குடும்பம், நாங்களும் அப்படித்தான். நலம் விசாரிக்க என்னிடம் தெலுங்கில் பேசுவார், சந்தேகப்பட மட்டும் தமிழுக்கு வந்துவிடுவார்.

அதனால் மாசாணத்துக்காக நான் போராடியதில் என் சொந்த ஆத்திரமும் கலந்திருந்தது. ஒளிப்பானேன். சனிக்கிழமை வரைக்கும் லெட்டரைத் தர வேண்டாம், ரெக்கார்டை நான் முழுசாகப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சரி என்றார்.

அந்த வாரம் எங்கள் பகுதிக்கு மின் விடுமுறை வெள்ளிக்கிழமை. மிஷின்கள் ஓடாது, ஆபீஸ் ஆட்கள் மட்டும் வருவோம். ரெக்கார்டு செக்‌ஷன் ஆமினா பீவியைப் பிடித்துக்கொண்டேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கூட்டல் போடுவதில் கால்குலேட்டருக்கு முந்திவிடுவாள். ஜன்னலோரம் மேஜையை இழுத்துப்போட்டு, போன வருடத்து ரிஜிஸ்டர் நாலையும் விரித்து உட்கார்ந்தோம். குறைகளை மட்டும் எண்ணாதே, நான் மறுசோதனைக்கு எடுத்த எல்லாப் பம்புகளையும் எண்ணு, யாருடையது எத்தனை என்று பிரித்து எழுது என்றேன். அவள் அதற்கு ஒரு கோடு போட்ட தாள் வைத்துக்கொண்டாள். நான் வாசிக்க வாசிக்க அவள் கோடு கிழித்தாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கணக்கு வந்துவிட்டது. வருடத்தில் மொத்தம் ஆயிரத்து நானூற்று ஐம்பது பம்புகளை மறுபடியும் ஓட்டியிருக்கிறோம். அதில் மாசாணத்துடையது ஆயிரத்து நூற்றிரண்டு. நஞ்சுண்டனுடையது முந்நூற்று நாற்பத்தெட்டு.

நான் மேஜையைத் தட்டினேன். ஆயிரத்து நூற்றிரண்டில் முப்பத்தொன்று என்றால் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. முந்நூற்று நாற்பத்தெட்டில் பன்னிரண்டு என்றால் நூற்றுக்கு மூன்றரை. நஞ்சுண்டனைவிட மாசாணம்தான் குறைவாகத் தப்பு விட்டிருக்கிறார். அவருடையதை மூன்று மடங்கு தோண்டியிருக்கிறோம், அதனால்தான் அதிகமாகக் கிடைத்திருக்கிறது. இந்தத் தாளைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தால், இனி எத்தனை தடவை கண்ணாடியைத் துடைப்பார் என்று பார்க்கிறேன் என்றேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். உங்களுக்குள்ளே இருக்கிற ஓரவஞ்சனை இதோ என்று காட்டிவிடலாம்.

ஆமினா பீவி பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"அக்கா, இதைப் பொறுக்கி எடுத்தது யாரு?" என்று கேட்டாள்.

ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'க' என்று இருந்தது. நான் போட்டது. பச்சை மையில், வருடம் முழுக்க, ஒரு நாள் விடாமல்.

ரிஜிஸ்டரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மாசாணத்தின் தொட்டி என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது, எழுந்து நடந்தால் முதலில் கைக்கு வந்தது அவருடைய தள்ளுவண்டிதான், அதனால் அப்படி ஆகியிருக்கும் என்றேன். சொல்லும்போது எனக்கே அது நல்ல காரணமாகத்தான் பட்டது. ஆமினா பீவி ஜூன் மாத ரிஜிஸ்டரைத் திருப்பினாள். ஜூன் முதல் வாரத்தில் என் பக்கத்துத் தொட்டியில் விரிசல் விட்டு, பூசி எடுத்தோம். அப்போது இரண்டு பேரும் இடம் மாறினார்கள். அதற்கப்புறம் மாசாணம் கேட் பக்கத்துத் தொட்டிக்குப் போய்விட்டார், என் பக்கத்தில் இருப்பது நஞ்சுண்டன்தான். மே வரைக்கும் ஐந்துக்கு நாலு மாசாணத்துடையது. ஜூனுக்குப் பிறகும் ஐந்துக்கு நாலு மாசாணத்துடையதுதான். ஏழு மாதமாக தினமும் நஞ்சுண்டனின் வண்டியைத் தாண்டி, அந்த நீள ஷெட்டின் கடைசி வரைக்கும் நடந்து போய் எடுத்திருக்கிறேன்.

ஆமினா பீவி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவள் முகத்தில் குற்றம் சொல்லுகிற பார்வை எதுவும் இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

எனக்கு மாசாணத்தின் மேல் எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. இதை எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன். அவர் மகளுக்குக் காது குத்தியபோது கிணத்துக்கடவுக்குப் பஸ் ஏறிப் போய், அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட்டவள் நான். கம்பெனியிலிருந்து போனது நான் ஒருத்திதான். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று அன்றைக்கு யோசித்தேன். நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். நஞ்சுண்டன் கல்யாணத்திலும்தான் சாப்பிட்டேன், அதை யாரிடமும் சொன்னதில்லை. வேறு யார் வீட்டில் கை நனைத்ததையும் நான் இப்படி ஞாபகம் வைத்துக்கொண்டது இல்லை. இது உறைத்தபோது என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

சனிக்கிழமை காலையில் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன். வெறும் எண்களை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடலாம், யார் எடுத்தது என்று அவர் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று படியேறும்வரை நினைத்திருந்தேன். கதவைத் திறந்ததும் முதலில் அதைத்தான் சொன்னேன். எடுத்ததெல்லாம் நான்தான், கைக்கு வந்தது என்று நினைத்துக்கொண்டு அவருடையதையே எடுத்திருக்கிறேன், அந்த முப்பத்தொன்றை வைத்து அவரை ஒதுக்கக் கூடாது என்றேன்.

அவர் தாளை நிதானமாகப் பார்த்தார். கோபப்படவில்லை, கேலி செய்யவில்லை. பெரிய மனிதர் தோரணையில் தலையை ஆட்டினார்.

"இதுக்குத்தானுங்க அம்மணி, உங்க ரிப்போர்ட்டை நான் ரெண்டுவாட்டி பாக்கறது."

என் வாழ்க்கையில் ஒருவரை அறைய வேண்டும் என்று தோன்றியது அந்த ஒரு தடவைதான். என் ஒரு தப்பை நானே கண்டுபிடித்து, நானே எடுத்துக்கொண்டு வந்து வைத்தால், அவருடைய பதினோரு வருடத் தப்புக்கு அது நியாயமாகிவிட்டது. என் ரிப்போர்ட்டில் எண்கள் தப்பாக இருந்ததே இல்லை, அவரும் ஒரு நாளும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் அதை அன்றைக்குச் சொல்லுகிற யோக்கியதை எனக்கு இருந்ததா? மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சரி, குறை விஷயத்தை விட்டுவிடலாம், இரண்டு பேரும் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். ஆனால் வேகம்? நஞ்சுண்டன் ஒரு ஷிப்டில் இருபத்திரண்டு பம்பு முடிக்கிறார். மாசாணம் பதினேழு. சார்ஜ்மேன் ஆகிறவன் மெதுவாக இருந்தால் செக்‌ஷனே மெதுவாகிவிடும் என்றார். பதினேழு என்பது உண்மைதான். மாசாணம் சாவகாசமான ஆள் என்று நானும்தான் சொல்லியிருக்கிறேன்.

நேராக டெஸ்டிங் ஷெட்டுக்குப் போனேன். மாசாணம் கேட் பக்கத்துத் தொட்டியில் ஒரு பம்பை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சார்ஜ்மேன் விஷயம், ரிஜிஸ்டர், நான் எண்ணியது, எல்லாவற்றையும் அவசர அவசரமாகக் கொட்டினேன். மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. கடைசியில் என் கோபம் அவர் மேலேயே திரும்பிவிட்டது. எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லிவிடுவேன், பதினேழுக்கு என்ன சொல்வது, நஞ்சுண்டனால் முடிகிறது உங்களால் ஏன் முடியவில்லை என்று கேட்டேன்.

அவர் நிறுத்தியிருந்த பம்பின் சுவிட்சை மறுபடியும் போட்டார். தண்ணீர் மறுபடியும் தொட்டியில் கொட்ட ஆரம்பித்தது.

"எல்லாத்தையும் ரெண்டுவாட்டி ஓட்டறனுங்க மேடம்" என்றார். "நாலு மணிக்கு நீங்க எப்படியும் என்னோடதத்தான் எடுப்பீங்க. அதுக்கு முன்னால நானே ஒருக்கா பாத்துப்போடறேன்."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். வந்த ரெண்டாம் வருசத்திலிருந்துங்க என்றார். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா, இவன் என்னத்தையோ மறைக்கறான்னு இன்னும் ரெண்டு சேத்து எடுத்திருப்பீங்க."

இதை அவர் சண்டைக்குச் சொல்லவில்லை. மீட்டரைப் பார்த்து ஆம்பியரைக் குறித்துக்கொண்டே சொன்னார். நான் அப்படிச் செய்திருக்க மாட்டேன் என்று வாய்வரை வந்தது. ஆயிரத்து நூற்றிரண்டு ஞாபகம் வந்தது.

திரும்ப மாடிக்கு ஏறி மேனேஜரிடம் இதையும் சொன்னேன். அந்தப் பதினேழும் என்னால் வந்ததுதான், இரண்டு தடவை ஓட்டியும் பதினேழு என்றால் ஒரு தடவை ஓட்டினால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள் என்றேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும், வெளியில் டைப் அடிக்கிற சத்தம் நின்றுபோனது. அவர், இப்போதைக்கு யாருக்கும் லெட்டர் வேண்டாம், பிப்ரவரி கடைசி வரைக்கும் பார்க்கலாம், வேகம் தெரியட்டும் என்றார். ஒன்பது வருடம் வேலை செய்தவரை இன்னும் ஆறு வாரம் பார்க்க வேண்டுமாம். இதைத் தாண்டி அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை.

திங்கட்கிழமை டூல் ரூமிலிருந்து நம்பர் அடித்த பித்தளை டோக்கன்களை வாங்கி வந்தேன். சாமான் வாங்கும்போது ஆட்கள் கொடுத்துவிட்டுப் போகிற டோக்கன்கள். அன்றைக்கு முடிந்த பம்புகளுக்கெல்லாம் வரிசையாக எண் போட்டு, அத்தனை டோக்கன்களையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு ஐந்து எடுத்தேன். என் கையை நம்புவதற்கு எனக்கு இனி ஒரு காரணமும் இல்லை. மூன்று நஞ்சுண்டனுடையது, இரண்டு மாசாணத்துடையது.

நஞ்சுண்டன் முகம் சிவந்துவிட்டது. நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர். ஆனால் அன்றைக்கு என் மேஜை முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"ஏனுங்க மேடம், எம்மேல திடீர்னு என்ன சந்தேகமுங்க?"

சந்தேகமில்லை, டின்னில் வந்தது என்று டோக்கன்களைக் காட்டினேன். மூணு எடுத்துப்போட்டு சந்தேகமில்லைங்கறீங்களே என்று முனகிக்கொண்டே போனார். ஒரே நாளில் மூன்று அவருக்குப் பொறுக்கவில்லை. மாசாணம் தினமும் நாலு பொறுத்திருக்கிறார், வருடக்கணக்கில். அன்றைக்கு மாலை நஞ்சுண்டன் யாரோடும் டீ குடிக்கப் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மாசாணத்தின் எண்ணிக்கை பதினேழு. புதன்கிழமையும் பதினேழு. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆறு வாரத்தில் மூன்று நாள் போய்விட்டது, மேலே ஒருவர் பேப்பரும் பேனாவுமாக வேகத்தைக் குறித்துக்கொண்டிருக்கிறார், இவர் என்னவென்றால் பழையபடியே ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டிக்கொண்டிருக்கிறார். வியாழக்கிழமை காலையில் அவர் தொட்டிக்குப் பக்கத்திலேயே போய் நின்றேன். பம்பு ஓடியது. மீட்டர் சரியாக இருந்தது. கசிவு இல்லை. நிறுத்தினார். இரண்டாம் தடவைக்குச் சுவிட்ச் மேல் கை போனபோது நான் குறுக்கே கையை நீட்டினேன்.

ஒரு தடவை போதும், இனிமேல் டின் சொல்வதுதான், நான் எதையும் பார்த்து எடுக்கப் போவதில்லை, நம்புங்கள் என்றேன். அவர் கையை இறக்கவில்லை. முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"நீங்க சொன்னா நிறுத்தறனுங்க மேடம். எழுதிக் குடுத்துருங்க."

என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். மாசாணம் ஒருவாட்டி ஓட்டிப் பாத்தாப் போதும், அதுக்கப்புறம் குறை வந்தா அவன் அசட்டையா இருந்தான்னு சொல்ல மாட்டோம்னு எழுதுங்க என்றார். குரலில் குத்தலோ வருத்தமோ இல்லை. பம்புக்கு உதிரிப்பாகம் கேட்பதுபோலக் கேட்டார். வாய் வார்த்தை போதாதா என்று கேட்க நினைத்தேன். எந்த வாயை வைத்துக் கேட்பது.

மேஜைக்குப் போய்க் கம்பெனி தாளில் அவர் சொன்னபடியே எழுதினேன். தேதி போட்டேன், முழுக் கையெழுத்துப் போட்டேன், செக்‌ஷன் முத்திரையும் குத்தினேன். அவர் அதை வாங்கி, உதட்டை அசைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்து, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். பையின் பொத்தானையும் போட்டார். பிறகு அடுத்த பம்பை ஏற்றி ஒரே ஒரு தடவை ஓட்டினார், நிறுத்தினார், சாக்பீஸால் 'மா' போட்டு வண்டியில் வைத்தார். அன்றைக்கு அவர் கணக்கு இருபத்தைந்து.

அந்த இருபத்தைந்தைப் பார்த்துச் சந்தோஷப்படத்தான் நினைத்தேன், முடியவில்லை. என் மேஜைக்குப் பக்கத்துத் தொட்டியில் நஞ்சுண்டன் பம்பை ஒரு தடவை ஓட்டி இறக்கிக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக ஒரு தடவைதான் ஓட்டுகிறார், அதற்கு அவர் யாரிடமும் எழுதி வாங்கியதில்லை.